மேல்தளத்துக் காலடிகள்

இப்போது நின்றுவிட்டார்கள். என் தலைக்கு நேர் மேலே இல்லை, கொஞ்சம் இடது பக்கம், ஜன்னல் ஓரமாக இருக்கும். மேல்தளம் முழுக்க மரப்பலகை. கோயம்புத்தூரில் ஏதோ ஒரு மில்காரர் ஒரு காலத்தில் ஆசையாகக் கட்டிய பங்களா, இப்போது ஓவிய அருங்காட்சியகம். மேலே யார் நடந்தாலும் கீழே உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒவ்வொரு அடியும் கேட்கிறது. டக் டக் என்று விழுவது ஜெயசீலியின் குதிகால் செருப்பு. அதற்கு அரை அடி பின்னால் சரக், சரக் என்று இழுபடுவது இவர். கல்யாணமான இருபத்திரண்டு வருஷமாக வலது குதிகாலைத் தேய்த்துத்தான் நடக்கிறார், எத்தனை ஜோடி செருப்பு அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்து போயிருக்கிறது, அந்தச் சத்தத்தை ஆயிரம் பேர் நடக்கிற இடத்திலும் பிரித்துச் சொல்லிவிடுவேன். டக் டக், சரக். டக் டக், சரக். அப்புறம் ஒன்றுமில்லை. நடக்கிற சத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், சத்தமில்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. நிற்கிறார்கள் என்றால் பார்க்கிறார்கள். எதை? படத்தையா, ஒருத்தர் முகத்தை ஒருத்தரா? சீ, நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் ஒரு நினைப்பா. ஆனால் நின்று எவ்வளவு நேரமாகிறது? எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. ஒரு படத்தை அப்படி எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்? வீட்டில் காலண்டரில் தேதி பார்ப்பதோடு சரி, அதற்கு மேல் எந்தப் படத்தையும் நின்று பார்த்த மனிதர் இல்லை.

நான்தான் அனுப்பினேன். அதை மறக்கக் கூடாது. மேல்தளத்தில் தன் ஓவியக் கண்காட்சி வைத்திருக்கிற ஜெயசீலி ஒரு வாரமாகப் போன் செய்துகொண்டே இருந்தாள். “மேல ஒண்ணு இருக்குடி கோதை, அதை நீ உன் கண்ணால பாக்கணும், இப்ப சொல்ல மாட்டேன்.” என்ன பெரிய ரகசியம், என்னைத்தான் வரைந்திருப்பாள். கல்லூரியில் என்னை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எத்தனை போட்டிருக்கிறாள். நிற்கிற படமாக இருக்கும். நின்றுகொண்டிருந்த பூங்கோதை, எண்ணெய் வண்ணம், நாலடிக்கு ஆறடி. இன்று வந்து பார்த்தால் லிப்ட் கதவில் ‘பழுது’ என்று ஒரு காகிதம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓடி வந்த மேனேஜர் பையன் கையைப் பிசைந்தான். “நேத்துத் திறப்பு விழாவுக்குக்கூட ஓடுச்சுங்க மேடம். சரி பண்ற ஆளு மத்தியானம்தான் வருவாங்களாம். நாலு பேரு சேந்து சேரோட தூக்கிரலாங்க, ஒண்ணும் ஆவாதுங்க.” ஜெயசீலி அவனிடம் சத்தம் போட்டாள், கண்ணில் தண்ணீர்கூட வந்தது, அவளுக்கு எப்போதும் சீக்கிரம் வந்துவிடும், அதை எல்லோரும் நல்ல மனசு என்பார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவருக்கு ஏன் என்று தெரியும். பொள்ளாச்சியில் இவர் சித்தப்பா மகள் கல்யாணம், மண்டபம் மாடியில், நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள், பாதிப் படியில் ஒருத்தன் கை வழுக்கி நாற்காலி ஒரு பக்கம் சாய, புடவை முழங்காலுக்கு மேலே ஏறி, சீட்டுக்கு அடியில் தொங்கின சிறுநீர்ப் பை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பாட்டில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார், இனிமே வேற யாரும் உன்னத் தூக்க மாட்டாங்க, நான் ஒருத்தன்தான் என்று. சொன்னபடிதான் செய்கிறார். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறை முக்காலிக்கு. தூக்குவதற்கு முன் ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடிப்பார். இந்த ஒரு வருஷமாக இரண்டு முறை இழுக்கிறார். அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். “நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க,” என்றேன். “போட்டோ புடிச்சுட்டு வரட்டுமா?” “வேண்டாம். போட்டோவுல பாக்கறதுக்கு நான் ஊட்டுலயே இருந்திருப்பேனே.” போய்விட்டார். ஒரு தடவைகூட, நீயில்லாம நான் எதுக்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்பேன், ஆனால் சொல்லியிருக்கலாம்.

டக் டக். அவள் மட்டும் நகர்கிறாள். இவர் நிற்கிறார். இப்போது அவளும் திரும்பி வந்துவிட்டாள். பக்கத்திலேயா? சத்தத்தை வைத்துப் பார்த்தால் ஓரடிகூட இல்லை. அவளைத் தூக்க வேண்டியதில்லை. அவள் பக்கத்தில் நிற்பதற்கு யாரும் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும், தோளுக்குத் தோள் சரியாக இருக்கும். கடைசியாக நான் இவர் பக்கத்தில் நின்றபோது என் நெற்றி இவர் காது மடல் உயரம் இருந்தது, இப்போது எனக்கு இவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தான்தான் தெரிகிறது. இன்றைக்கு நீலச் சட்டை. தீபாவளிக்கு எடுத்தது, பெட்டியிலேயே கிடந்தது, கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னால்கூட இது எதுக்கு என்பார். இன்று காலையில் நான் சொல்லாமலே எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு தடவை சவரம். அவள் போன் செய்தால் வராந்தாவுக்கு எழுந்து போய்ப் பேசுகிறார், சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், பல் தெரியாமல் மூக்கால் சிரிப்பது, கல்யாணமான புதிதில் எனக்காக இருந்த சிரிப்பு. என்னங்க சொல்றா என்று கேட்டால், சும்மாதான், உன்னப்பத்தித்தான் கேக்குது என்கிறார். என்னைப் பற்றிப் பேச ஏன் என்னை விட்டு வராந்தாவுக்குப் போக வேண்டும்?

சரி, வந்ததற்கு இங்கே இருக்கிறதையாவது பார்க்கலாம் என்று சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சுவர் ஓரமாகப் போனேன். எல்லாப் படமும் நிற்கிறவர்கள் கண் உயரத்துக்கு மாட்டியிருக்கிறது. கண்ணாடி போட்ட படங்களில் எனக்குத் தெரிவது மேலே இருக்கிற விளக்கின் வெள்ளைப் பொட்டும் அதற்குக் கீழே என் தலையும். ஏதோ ஒரு ஆற்றங்கரை, அதன் நடுவில் என் கண்ணாடி, என் நரை. பெயர்ச் சீட்டில் எழுத்துப் பொடி. கிட்டப் போனால் அண்ணாந்து பார்க்க வேண்டும், கழுத்து வலிக்கிறது, எட்டப் போனால் யாராவது எனக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறார்கள், வேண்டுமென்று இல்லை, எனக்கு மேலே இருக்கிற காலி இடம் அவர்களுக்குக் காலி இடம்தான். ஒரு பெண் அப்படித்தான் வந்து நின்றாள். மாம்பழ நிறப் புடவை, முப்பது வயதிருக்கும். படத்தைப் பார்த்துக்கொண்டே இடது காலைத் தூக்கி அதன் விரலால் வலது கெண்டைக்காலைச் சொறிந்தாள். அவளுக்கே தெரியாது தான் சொறிந்தது. ஒற்றைக் காலில் நின்றாள், உடம்பு ஒரு துளி ஆடியது, தானாகவே சரியாயிற்று, காலைக் கீழே வைத்தாள், போய்விட்டாள். ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, டிவியில் நாட்டியம் ஆடுகிறவர்களைப் பார்த்தாலும் இல்லை, அவர்களெல்லாம் வேறு ஜாதி. ஆனால் இப்படி ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிகிறவளை மன்னிக்க முடியவில்லை. இந்த ஊர் ஓவியர்களையெல்லாம் விட்டுவிட்டு நான் அவள் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், வாசல் வரைக்கும்.

“ஏனுங் அம்மிணி, தண்ணி கிண்ணி வேணுங்களா?” காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள். காக்கிச் சட்டைக்குக் கீழே புடவை, பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் ஒரு டிபன் டப்பா. வேண்டாம் என்று தலையாட்டினேன். “நீங்கதானுங்களா அந்த ஜெயசீலியம்மா சொன்ன சிநேகிதி? நேத்து மைக்குல உங்களப்பத்தித்தான் சொல்லுச்சுங்க. என்னையவிட நல்லாப் படம் போடற கையி அவளுக்கு, லாரிக்காரன் கெடுத்துப்போட்டான்னு. சொல்லீட்டு அழுதுபோடுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுங்க.” நான் சிரித்து வைத்தேன். இப்படிச் சிரிக்க நாலு வருஷப் பழக்கம். சூலூர் பக்கம், ஸ்கூட்டரில், பின்னால் வந்த லாரி. ஆஸ்பத்திரியில் கால் விரலை ஆட்டச் சொன்ன பிசியோதெரபிப் பெண், நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க மேடம் என்று கேட்டாள், வரைவேன் என்று வாயில் வந்துவிட்டது. அய்யோ பாவம் என்றாள். அந்த அய்யோ பாவம் வெயிலில் நடந்து வந்தவளுக்குக் கிடைத்த மோர் போல இருந்தது. அப்புறம் சொந்தக்காரர்கள், பக்கத்து வீடு, பள்ளித் தலைமையாசிரியை, எல்லோரும், அந்த விபத்து மட்டும் இல்லேன்னா. ஆமாம், அது மட்டும் இல்லேன்னா. யாரும் என் கையைப் பார்த்ததில்லை. லாரி என் இடுப்புக்குக் கீழேதான் எடுத்துக்கொண்டது, கை இரண்டும் அப்படியே இருக்கிறது, சக்கரம் தள்ளித் தள்ளி முன்னைவிடப் பலமாகவே இருக்கிறது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? யாரும் கேட்கவில்லை.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் முதல் வருஷம் ஜெயசீலிக்குக் காது வரையவே வராது. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று என்னிடம் வந்து நிற்பாள், என் காதையே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மூன்றாம் வருஷம் வாத்தியார் எங்கள் இரண்டு பேர் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் குத்திவைத்து, இவ பாத்துப் போட்டிருக்கா, நீ யோசிச்சுப் போட்டிருக்கே என்று அவளிடம் சொன்னார். அந்த ‘இவ’ நான். அதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். கல்யாணம், பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் வேலை, மகள், எல்லாவற்றுக்கும் நடுவில் சமையல்கட்டு ஜன்னல் ஓரம் படம் வரைகிற மரத்தாங்கி இருந்தது, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, மாமியார்கூட வீட்டுக்கு வருகிறவர்களிடம் எங்க மருமக போட்டது என்று காட்டுவார். இரண்டாயிரத்து எட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஜெயசீலியின் போட்டோ. டெல்லியில் ஏதோ பரிசு. அவளுக்குப் பின்னால் அவள் படம், பாதிப் பக்கத்துக்கு. நான் அப்போது ஒரு படத்தைப் பாதி வரைந்திருந்தேன். மூன்று தூரிகை ஒரு டப்பாவில் எண்ணெய் வண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு நான் அவற்றைக் கழுவவில்லை. அவ்வளவுதான் செய்தேன். அழவில்லை, கிழிக்கவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, கழுவவில்லை. மறுநாளும் கழுவவில்லை. ஒரு வாரத்தில் மயிர் எல்லாம் கல்லாகிவிட்டது. பதினொரு வருஷம் கழித்து லாரி வந்தது. எனக்கு அந்த லாரி... வேண்டாம், அதை நினைக்கக் கூடாது. நினைத்தால் என்ன? எனக்கு அந்த லாரி ஒரு விதத்தில் உதவி செய்தது.

சரக், சரக். இவர் மட்டும். மாடிப்படியில் இறங்குகிறார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. முதலில் செருப்பு தெரிந்தது, அப்புறம் நீலச் சட்டை, அப்புறம் முகம். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார். விபத்தன்று ஆஸ்பத்திரியில்கூட எனக்கு முன்னால் அழாதவர், அவளுக்குப் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறார். வந்து என் நாற்காலிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

“உன்ற படம் இருக்குது கோதை.”

“தெரியும். என்னையப் போட்டிருப்பா.”

“உன்னையப் போடல. நீ போட்டது. ஒரு பொம்பள சோத்துக் குண்டானுக்குப் பக்கத்துல, தரையில படுத்துத் தூங்குது. கரியில போட்டிருக்குது. எனக்கு எங்கம்மா தூங்கற மாதிரியே இருந்துது. தாண்டிப் போக முடியல.”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் விடுதிச் சமையல்காரம்மா நினைவுக்கு வந்தாள், முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கு முழங்கையைத் தலைக்குக் கொடுத்து அப்படியே சரிந்துவிடுவாள். கடைசி வருஷம் போட்டது. விடுதியைக் காலி செய்த அன்று காணவில்லை, குப்பையோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். இத்தனை நேரம் மேலே அந்தக் காலடிகள் நின்றது அதற்கு முன்னாலா? இவர் நின்றது என் படத்துக்கு முன்னாலா? சந்தோஷம் வர வேண்டும். வருவதற்குள் இவர், “கீழ உன்ற பேரு, வருசமெல்லாம் எழுதியிருக்குது,” என்றார். “அப்பறம் ஒரு வரி. ‘விபத்தால் தூரிகையை இழந்த என் தோழி’ன்னு.”

டக் டக் என்று ஜெயசீலி பின்னாலேயே இறங்கி வந்தாள், முகமெல்லாம் வெளிச்சமாக, கையை விரித்துக்கொண்டு. “சொல்லிட்டாரா? நீயே பாத்திருக்கணும்டி, பாழாப்போன லிப்ட்டு.”

“அந்தக் கடைசி வரியை எடு,” என்றேன்.

“எதுடி?”

“விபத்தால இழந்தேன்னு எழுதியிருக்கியே, அது. விபத்தாகி நாலு வருஷம். நான் வரையறத விட்டுப் பதினஞ்சு வருஷம்.” என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. காவல்கார அம்மாள் டிபன் டப்பாவை மூடிவிட்டு எங்களையே பார்த்தாள். ஜெயசீலி இவரைப் பார்த்தாள். இவர் தரையைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுமில்லீங்க?” என்று நான் கேட்டேன்.

“தெரியும்,” என்றார். “நீ அப்படிச் சொல்லீட்டிருந்தே. உனக்கு அது சவுகரியமா இருக்குதுன்னு நானும் விட்டுப்போட்டேன்.”

“அப்ப எதனால விட்டே?” ஜெயசீலி கையை இன்னும் முழுசாக மடக்கவில்லை.

“உன்னாலதான். பேப்பர்ல உன் போட்டோ வந்துது. தாங்க முடியல. விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டேன். சொன்னால் கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். மேலே யாரோ நடந்து போனார்கள், பலகை முனகியது, அவ்வளவுதான். அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கோபம் வந்தது அவளுக்கு, காது சிவந்தது. “பைத்தியக்காரி,” என்றாள். “அந்தப் படம் எங்கிட்ட எப்படி வந்துதுன்னு கேட்டியாடி நீ? திருடினேன். நீ ஊருக்குக் கெளம்பற அன்னைக்கு உன் பொட்டிக்குள்ளேருந்து உருவிட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா உன் நோட்ட எடுத்துட்டுப் போயி பாத்ரூம்ல உக்காந்து காப்பி அடிச்சிருக்கேன். எந்த ஊருல எந்த வீட்டுக்குக் குடி போனாலும் இதை எனக்கு எதிர்ல மாட்டிப்பேன். இவள ஒரு நாளாச்சும் தாண்டிடணும்னு. இருபத்திநாலு வருஷம்டி. வயிறு எரிஞ்சிதான் வரைஞ்சேன். நீ என்னடான்னா என் போட்டோவப் பாத்துட்டு விட்டேங்கற.”

அவளுக்கும் பொறாமை. என்மேல். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம், அல்லது அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம். எனக்கு வந்தது வேறு. அவளுக்கு எரிந்த வயிறு அவளுக்கு ஒரு மாடி நிறையப் படம் கொடுத்திருக்கிறது, எனக்கு எரிந்தது மூன்று தூரிகையைக் கல்லாக்கியதோடு சரி. பொறாமைப்படுவதில்கூட அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அதிலும் அவள்தான் முதல். இந்த எரிச்சல் வந்ததும் எனக்கு ஒரு தெம்பும் வந்தது, எங்கிருந்தோ, சுத்தமில்லாத தெம்பு. “ஏங்க,” என்றேன் இவரிடம். “அந்த நாலு பேரக் கூப்பிடுங்க. நான் மேல போகணும்.”

“கோதை...”

“அந்தப் பைய மட்டும் மடியில வெச்சு மேல துண்டப் போட்டு விடுங்க. தூக்கட்டும்.”

வந்தார்கள், மேனேஜர் பையன், டிரைவர் ஒருத்தர், தோட்டக்காரர், இவர். இவர்தான் பின்பக்கம், என் தோளுக்குப் பின்னால், கனமான பக்கம். மூச்சை இரண்டு முறை இழுத்துப் பிடித்தது என் காதுக்குள்ளேயே கேட்டது. நாற்காலி தரையை விட்டபோது மறுபடியும் அதே பொள்ளாச்சி மண்டபம், சாம்பார் வாசனை, திரும்பிய முகங்கள். ஜெயசீலி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி பின்பக்கமாகவே படியேறினாள், என் புடவை நுனியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு. பார்த்தவர்கள் பார்த்தார்கள். மாடி வளைவில் ஒரு சின்ன ஆட்டம். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல,” என்று இவர் என் உச்சந்தலையில் சொன்னார். நீலச் சட்டை ஏன் என்று இன்னும் கேட்கவில்லை, வீட்டுக்குப் போய்க் கேட்பேன், கேட்காமல் விடமாட்டேன். பதினெட்டுப் படி.

ஜன்னல் ஓரம்தான், நான் கணக்குப் போட்ட இடமேதான். பெயர்ச் சீட்டு எனக்கு எட்டவில்லை. இவர் அதைச் சுவரிலிருந்து பிய்த்து என் மடியில் வைத்தார், மேனேஜர் பையன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டு, அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவனே நீட்டினான். கடைசி வரியை அடித்தேன். ஒரு தடவை அடித்தால் படிக்க முடிந்தது, அதனால் கறுப்பாகும் வரை அடித்தேன். மிச்சம் இருந்தது ‘விடுதிச் சமையலறை, மதியம். கரி. 1999. பூங்கோதை.’ அதை இவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். எல்லோரும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள், நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். தாள் ஓரம் பழுப்பேறியிருந்தது. இடது தோள் தப்பு. அப்படிப் படுத்தால் தோள்பட்டை இன்னும் மேலே ஏற வேண்டும், கழுத்து மறைய வேண்டும், வரைந்த அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, அவசரம், தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே நிழலும் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்த வாய். தூக்கத்தில் ஒரு ஓரம் திறந்து, தரையைத் தொடுகிற மாதிரி, மூச்சு போய்வருகிற மாதிரி, ஒரே ஒரு கோடு, திருப்பி அழிக்கவே இல்லை, போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டிருக்கிறாள். நான் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். அந்தக் கோட்டை எங்கே ஆரம்பித்தாள் என்று தேடினேன், தெரியவில்லை. மறுபடியும் தேடினேன். பாவி, என்னமாகப் போட்டிருக்கிறாள்.